ஓசைக்கு முன்னால் வந்துவிடும் விமானங்கள்: படமும் நினைவும் சேர்த்த அனுபவம்

சேலையூரில் வளர்ந்த எனக்கு ஜெட் விமானம் என்பது முதலில் ஓர் ஓசைதான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான பயிற்சிப் பள்ளி இருப்பதால், காலை வேளைகளில் ‘கிரண்’ பயிற்சி விமானங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும்; ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். அந்த நாட்களுக்குச் சான்றாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. விமானப்படைத் தளங்களைப் படம் எடுக்கத் தடை உண்டு. அது சரியான தடை என்றே இன்றும் நினைக்கிறேன். பிரிட்டனில் தளத்தின் வேலியோரம் ஏணி போட்டு நின்று நாள் முழுவதும் படம் எடுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்த வழி இல்லாததால், நம் நாட்டுப் போர் விமானங்களைப் பற்றி ரசிகர்கள் சேர்த்துவைத்திருப்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது. சொன்னவர் போனால் அதுவும் போய்விடும்.

ஆகவே 2017-இல் இரண்டு வேலைகளைச் சேர்த்தே தொடங்கினேன். வான் சாகசக் காட்சிகளுக்குச் சென்று படம் எடுப்பது ஒன்று. அந்த விமானத்தைப் பற்றி யாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, படத்துக்குப் பக்கத்திலேயே நோட்டில் எழுதிவைப்பது மற்றொன்று. இதுவரை அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் முயற்சி, 2017 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் நடந்த ஏரோ இந்தியா. 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே நடந்துவரும் காட்சி அது. அன்று ஒரே நாளில் 1,380 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஒன்பது. பெரும்பாலான படங்களில் விமானம் கரிக்கட்டையைப் போலக் கறுத்து இருந்தது. பளிச்சென்ற வானத்தைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது என்பதையும், ஒரு படி அளவுக்கு நாமே அதைக் கூட்டி வைக்க வேண்டும் என்பதையும் அதன் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஹெலிகாப்டர்களில் வேறொரு தவறு நடந்திருந்தது. ஜெட் விமானத்துக்கு ஏற்றபடி 1/2000 நொடியில் ஷட்டரை வைத்துவிட்டு, அதே வேகத்தில், விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகசக் குழுவான ‘சாரங்’கின் துருவ் ஹெலிகாப்டர்களையும் எடுத்திருந்தேன். மயில் வரைந்த அந்த அழகான ஹெலிகாப்டர்கள் சுழலி நின்றுபோய் வானத்தில் தொங்குவது போலப் பதிவாகியிருந்தன. அவற்றுக்கு ஷட்டர் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட மெதுவாக வைத்தால்தான் சுழலி சுழல்வது தெரியும்.

இவையெல்லாம் எண்களை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல்கள். தீராமல் இருந்தது ஓசை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தின் ஓசை நம் காதுக்கு வர மூன்று நொடி ஆகிறது. அந்த விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதே மூன்று நொடியில் 650 மீட்டருக்கு மேல் முன்னே போயிருக்கும். காது காட்டும் திசையில் கேமராவைத் திருப்பினால் அங்கே வெறும் வானம்தான் இருக்கும். சிறுவயதில் இருந்து ஓசையை வைத்தே விமானத்தைத் தேடிப் பழகியிருந்த எனக்கு, அந்தப் பழக்கத்தை விடுவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஓசையைக் கேட்டதும் அது வரும் இடத்துக்கு முன்னால் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது பழக்கத்தில்தான் வரும்.

பழகுவதற்கு விமானம் கிடைக்காது என்பதால் பறவைகளிடம் போனேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொக்கையும் பருந்தையும் லென்ஸில் பின்தொடர்ந்து பழகினேன். அங்கேதான், பல ஆண்டுகளாகப் பறவைப் படம் எடுத்துவரும் ஒரு பெரியவர் என் கால்களைப் பார்த்துவிட்டு, “தம்பி, பறவை வர்ற பக்கம் காலை வெச்சுக்கிட்டு நிக்கறீங்க. அது போகப்போற பக்கம் காலைத் திருப்பி வெச்சுட்டு, இடுப்பை மட்டும் இந்தப் பக்கம் முறுக்கிக்கோங்க” என்றார். அவர் சொன்னபடி நின்றதும், பறவை நெருங்க நெருங்க உடம்பின் முறுக்கு தானாகத் தளர்ந்து, கை நடுங்காமல் கேமரா அதன் கூடவே போனது. லென்ஸ் வாங்கச் செலவழித்த பணத்தைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

2019 ஏரோ இந்தியாவுக்கு அந்தப் பழக்கத்தோடு போனேன். ஆனால் காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 19 அன்று, ஒத்திகையில், விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரணின் இரண்டு ஹாக் ஜெட் விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். ரயிலில் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. அந்த ஆண்டு நோட்டில் படங்களைவிட எழுத்தே அதிகம். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிரிழந்தபோதும் அப்படித்தான். விபத்துக் காட்சிகள் பலரிடமிருந்து எனக்கு வந்தன. அவற்றை நான் சேர்த்துவைக்கவில்லை. அந்த விமானிகள் நன்றாகப் பறந்த நாட்களைப் பார்த்தவர்கள் சொன்னவற்றை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்.

2019-இல் கிடைத்த நல்ல நினைவு, பெங்களூரில் வசிக்கும் ஒரு நண்பருடையது. இந்தியா 126 போர் விமானங்கள் வாங்குவதற்கான போட்டி நடந்துகொண்டிருந்த 2011-இல் அவர் எலகங்காவில் இருந்திருக்கிறார். டைஃபூன், ரஃபேல், கிரிப்பன், எஃப்-16, எஃப்/ஏ-18 ஆகிய ஐந்தும் ஒரே வாரத்தில் ஒரே வானத்தில் தங்கள் திறமையைக் காட்டின. கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் வைத்து எது என்று சொல்லும் பந்தயத்தில் அவர் நண்பர்களோடு ஈடுபட்டதாகவும், கிரிப்பனை மட்டும் யாரும் தவறவிடவில்லை என்றும் சொன்னார். மற்ற நான்குக்கும் இரட்டை என்ஜின் என்று அவர் சொல்ல, எஃப்-16-க்கும் ஒரே என்ஜின்தான் என்று நான் நினைவூட்டினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் இரண்டையும் நாங்கள் குழப்பியிருக்கத்தான் வேண்டும், ஆனால் எனக்கு நினைவிருப்பது இதுதான்” என்றார். இரண்டையும் எழுதிவைத்தேன். நினைவில் உள்ள பிழையைத் திருத்தி எழுதுவதில்லை. பிழையைப் பக்கத்தில் குறித்துவைப்பதே முறை என்று அன்று முடிவு செய்தேன். அதே 2011 காட்சியில்தான் சூரிய கிரண் குழு தன் பழைய கிரண் விமானங்களோடு கடைசியாகப் பறந்தது. அதன் பிறகு அக்குழு ஹாக் விமானங்களோடு மீண்டு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

நான் எடுத்தவற்றில் எனக்கே நிறைவு தந்த படங்கள் 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் கிடைத்தன. விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழாவுக்காக 72 விமானங்கள் கடற்கரைக்கு முன்னால் பறந்த நாள் அது. விடியற்காலையிலேயே போய் இடம் பிடித்தேன். மெரினா கிழக்கு நோக்கியது. முற்பகலில் சூரியன் கடலின் பக்கம்தான் இருக்கும். நமக்கும் சூரியனுக்கும் இடையில் விமானம் வருவதால் நமக்குத் தெரியும் பக்கம் நிழலாகிவிடும். ஆகவே வண்ணத்தை எதிர்பார்க்காமல், புகையின் ஓரத்தில் ஒளி படுவதையும் விமானத்தின் உருவக்கோட்டையும் எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன்.

எதிர்பாராமல் கிடைத்தது நீராவி. விமானம் வேகமாக மேல்நோக்கித் திரும்பும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் திடீரெனக் குறைகிறது. அங்கே காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் வெண்மையான படலமாகத் தெரிகிறது. பிப்ரவரி மாதத்துப் பெங்களூரின் வறண்ட காற்றில் அதைப் பார்க்க மிகவும் காத்திருக்க வேண்டும். அக்டோபர் மாதத்துச் சென்னைக் கடற்காற்றிலோ, சற்றே இறுக்கித் திரும்பிய விமானங்கள்கூடத் தோளில் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு போயின. ரஃபேல் திரும்பியபோது இறக்கையின் நுனியிலிருந்து நூல் நூலாக இழை பிரிந்து வந்து, அரை நொடியில் கலைந்துபோனது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் நன்றி சொன்ன நாள் அது ஒன்றுதான்.

சூரிய கிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கும் காட்சிக்காக வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு 333 மீட்டர் நெருங்குகின்றன. என் கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவற்றின் இடைவெளி 33 மீட்டர் மாறிவிடுகிறது. ஹாக் விமானத்தின் நீளமோ பன்னிரண்டு மீட்டர் சொச்சம்தான். அதாவது, பொத்தானை முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தாலும், இரண்டும் ஒன்றையொன்று தொடுவது போலத் தெரியும் அந்தக் கணம் இரு படங்களுக்கு நடுவில் நழுவிப்போகவே வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தைய காட்சிகளில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒருமுறை சீக்கிரமே அழுத்தத் தொடங்கி, கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, சரியாகக் கடக்கும் நேரத்தில் கேமரா நின்றுவிட்டது. இம்முறை ஒரு விமானத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். மற்றொன்று கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் வரை விரலை அசைக்கவில்லை. ஏழு படங்கள் பதிவாயின. ஐந்தாவதில் ஒன்றின் மூக்கும் மற்றொன்றின் மூக்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அவற்றின் புகைக் கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக நீள்கின்றன.

அன்று என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, 2003-இல் இதே மணலில் பள்ளிச் சிறுமியாக நின்று வான் சாகசம் பார்த்ததாகச் சொன்னார். “அப்போ அப்பா தோள்ல தூக்கி வெச்சிருந்தாரு. இப்போ பையன் தோள் உயரத்துக்கு வந்துட்டான், அவனுக்கு நான்தான் எட்டிப் பார்க்கணும்” என்றார். நோட்டில் 72 விமானங்களின் பெயருக்கு முன்னால் அந்த வரிதான் இருக்கிறது. அந்த நாளைப் பற்றி எழுதும்போது, கடும் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்ததையும் எழுதாமல் இருக்க முடியாது. நான் கொண்டுபோன மூன்று பாட்டில் தண்ணீரில் இரண்டை மயங்கிவிழுந்தவர்களுக்குக் கொடுத்தேன். இனி வான் சாகசம் பார்க்கப் போகும் யாரும் லென்ஸுக்கு முன்பாகத் தண்ணீரை எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஏரோ இந்தியாவில் ரஷ்யாவின் சு-57 பறந்ததைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய விமானம் முன்னேறிச் செல்லும் திசை ஒன்றாகவும் மூக்கு காட்டும் திசை வேறாகவும் இருப்பதை நேரில் பார்க்க வியப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் படங்கள் சரியாக வரவில்லை. நண்பகலில் ஓடுபாதையிலிருந்து எழும் கானல் அலைகள் எந்த லென்ஸையும் மங்கலாக்கிவிடும். தாழப் பறப்பதை எடுக்க விரும்புகிறவர்கள் காலைக் காட்சியை விடக் கூடாது.

அந்த ஆண்டில் நோட்டுக்குக் கிடைத்த பெரிய செல்வம், படமே இல்லாத ஒரு பதிவு. 1963-இல் சண்டிகரில் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 போர் விமானம், அதே சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. என்னால் போக முடியவில்லை. விமானப்படையில் என்ஜின் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்று எங்கள் தெருவில் வசிக்கும் ஒருவரின் வீட்டில், அவரோடு அமர்ந்து தொலைக்காட்சியில் அந்நிகழ்ச்சியைப் பார்த்தேன். மிக்-21-இல் ‘எஃப்.எல்.’ என்று நான் சொன்ன வகையை அவர் ‘டைப் 77’ என்றார். ‘பிஸ்’ அவருக்கு ‘டைப் 75’. என்ஜினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பை நான் ஆஃப்டர்பர்னர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “நாங்க யாரும் அப்படிச் சொன்னதில்லை தம்பி, ரீஹீட்னு எழுதுங்க” என்றார்.

தொண்ணூறுகளில் அவர் அசாமின் தேஜ்பூரில் இருந்தவர். இளம் விமானிகள் மிக்-21-இல் பழகிய இடம் அது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் அந்த விமானத்தை நிறுத்த, செங்குத்து வாலின் அடியில் உள்ள குழலிலிருந்து ஒரு பாராசூட் விரியும். ஓடுபாதையை விட்டு விலகும்போது விமானி அதைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். அதை ஓடிப்போய் எடுத்துவருவது தரையில் இருப்பவர்களின் வேலை. மழைக்காலத்தில் நனைந்த பாராசூட் ஒரு ஆளின் எடை இருக்கும் என்றும், நான்கு பேர் சேர்ந்து அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது சட்டைக்குள் தண்ணீர் இறங்கும் என்றும், பிறகு கொட்டகையில் அதை விரித்துக் காயவைத்து மடிப்பு மாறாமல் மீண்டும் அடைத்துக் கொடுத்ததும் அடுத்த விமானத்துக்கு அது தயாராகிவிடும் என்றும் சொன்னார். சொல்லும்போதே மேசைவிரிப்பை எடுத்து, எந்த மடிப்பு முதலில், எது பிறகு என்று காட்டத் தொடங்கினார். மூன்றாவது மடிப்பில் கை நின்றது. பிரித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து மடித்தார்.

என்னிடம் கேமரா இருந்தது, எடுக்கவில்லை. மடிப்புகளின் வரிசையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரு மடிப்பில் அவருக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. அவரோடு பணியாற்றிய ஒருவர் மதுரையில் இருக்கிறாராம். அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்பதாக இருக்கிறோம்.