நினைவுக்கு மருந்து, எலிக்கு மருந்து: கண்டத் தத்துவத் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலைத் தத்துவத்தில் இரண்டாம் ஆண்டு விருப்பப் பாடமாக ஐரோப்பியக் கண்டத் தத்துவத்தை எடுத்திருந்தேன். நீட்சே, ஹைடெக்கர், காடமர், தெரிதா, ஃபூக்கோ என்று ஜெர்மன், பிரெஞ்சுத் தத்துவவாதிகள் ஐந்து பேர். அவர்கள் பழைய கிரேக்கர்களை எப்படி வாசித்தார்கள் என்பதைச் சுற்றித்தான் தாள் முழுவதும். முதல் உள்தேர்வில் 25க்கு 9 வாங்கினேன்.

ஹைடெக்கர் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியிருந்தேன். மேலை மரபு இருத்தலை ('இருக்கிறது' என்றால் என்ன என்ற கேள்வியை) மறந்துவிட்டது, அந்த மறதி பிளேட்டோவிடம் தொடங்கியது, அதற்கு முந்தைய கிரேக்கர்கள் இருத்தலுக்கு அருகில் இருந்தார்கள் என்றெல்லாம். எதுவும் தப்பில்லை. ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "பிளேட்டோ எங்கே?" திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கத்தில் பிளேட்டோவின் பெயர் பதினொரு முறை வந்திருந்தது, அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை.

இந்தத் தாளை எடுக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடும். ஹைடெக்கரையோ தெரிதாவையோ திறக்கும் முன் அவர்கள் கையில் வைத்திருந்த கிரேக்கப் பகுதியைப் படியுங்கள். பிளேட்டோ முழுவதையும் அல்ல, அதற்கு ஆயுள் போதாது. தேர்வுக்கு வேண்டிய பகுதிகள் சின்னவை. தெரிதாவுக்கு 'ஃபைட்ரஸ்' உரையாடலின் கடைசிப் பக்கங்கள், ஹைடெக்கருக்கு 'குடியரசு' ஏழாம் நூலின் குகை உவமை (குகையில் கட்டுண்டு நிழல்களையே நிஜம் என்று நம்புகிறவர்களின் கதை), காடமருக்கு அரிஸ்டாட்டிலின் 'நிகோமாக்கிய அறவியல்' ஆறாம் நூல். எல்லாம் சேர்ந்து அறுபது பக்கத்துக்குள் வரும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். விளக்க நூல், அதற்கு விளக்கம், அப்புறம் அதற்கும் ஒரு காணொளி. மூன்று மாதம் போனது.

பக்க எண் விஷயத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பிளேட்டோவின் பெரும்பாலான பதிப்புகளில் ஓரத்தில் 274e, 514a என்று எண்கள் இருக்கும். 1578இல் ஜெனீவாவில் ஆன்றி எஸ்தியென் அச்சிட்ட பதிப்பின் பக்கமும் பத்திப் பிரிவும் அவை. அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் பெர்லினில் வெளிவந்த பெக்கர் பதிப்பின் எண்கள். உங்களிடம் எந்த மொழிபெயர்ப்பு இருந்தாலும் இந்த எண் மாறாது. விடைத்தாளில் ஒரு எண் சரியாக விழுந்தால் திருத்துபவருக்கு இவன் மூலத்தைத் தொட்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

கிரேக்க எழுத்துகள் 24. ஒரு வாரத்தில் வாசிக்க வந்துவிடும். இலக்கணம் படிக்க நேரம் கிடைக்காது, பரவாயில்லை. பெர்சியஸ் என்ற இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கிலமும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சொல்லைச் சொடுக்கினால் அகராதி திறக்கும். நமக்குத் தேவை பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். ஏனென்றால் இந்த ஐந்து பேரின் வாதங்களும் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் தொங்குகின்றன. மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் மறைந்துபோனால் வாதம் வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

எனக்கு இது புரிந்தது தெரிதாவிடம். 'பிளேட்டோவின் மருந்தகம்' என்ற கட்டுரை 1968இல் 'டெல் கெல்' என்ற பிரெஞ்சு இதழில் வந்தது. முதல் முறை படித்தபோது ஏதோ சொல்விளையாட்டு என்று மூடிவைத்துவிட்டேன். விஷயம் இதுதான். 'ஃபைட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் ஒரு எகிப்தியக் கதை சொல்கிறார். தேயுத் என்ற தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து, தாமுஸ் அரசனிடம் கொண்டுபோய், இது நினைவுக்கும் அறிவுக்கும் ஃபார்மகான் என்கிறது (274e). நினைவுக்கு அல்ல, நினைவூட்டலுக்குத்தான் இது ஃபார்மகான், இதை நம்பினால் மக்கள் மறதியில் விழுவார்கள் என்கிறான் அரசன் (275a). ஃபார்மகான் என்றால் நோய் தீர்ப்பதும் அதுதான், நஞ்சும் அதுதான், வசியப்பொருளும் அதுதான். பிரெஞ்சு, ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த கணமே பிளேட்டோவின் வாக்கியத்தில் இருந்த ஆட்டம் நின்றுபோகிறது என்பது தெரிதாவின் புகார்.

இதை நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வயல்காரர் அப்பாவிடம், "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டார். அட, இந்தச் சொல் நம்மிடம் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலுக்கு மருந்து, எலிக்கு மருந்து. இரண்டிலும் இலக்கணம் ஒன்றுதான். ஒன்று தின்றவரைப் பிழைக்க வைக்கும், மற்றது சாகடிக்கும். மகன் பேச்சைக் கேட்காமல் போனால் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள், அது மூன்றாவது. சரி, இப்போது "நினைவுக்கு மருந்து" என்று எழுதிப் பாருங்கள். காய்ச்சல் வகையா, எலி வகையா? தேயுத்துக்கும் தாமுஸுக்கும் நடந்த சண்டையே அதுதான்.

அன்றிரவே பெர்சியஸில் தேடினேன். 'ஃபைடோ' உரையாடலின் தொடக்கத்தில் (57a) சாக்ரட்டீஸ் சிறையில் ஃபார்மகானைக் குடித்த அன்று நீ அங்கே இருந்தாயா என்று கேட்கிறார்கள். ஆங்கிலப் பதிப்புகள் நஞ்சு என்று போடுகின்றன. நம் ஊரில் "மருந்தைக் குடிச்சிட்டார்" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை, வண்டி பிடிக்க ஓடுவார்கள். 'மேனோ' உரையாடலில் (80a) சாக்ரட்டீஸிடம் மாட்டிக்கொண்ட மேனோ, நீ என்னை மயக்கி மருந்து வைக்கிறாய் என்கிற பொருளில் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்லைப் போட்டுப் புலம்புகிறான். (ஃபைடோ வேறு, ஃபைட்ரஸ் வேறு. தேர்வில் மாற்றி எழுதியவர்கள் உண்டு, நான் உட்பட.)

மருந்து என்ற சொல் கிடைத்ததும் தெரிதாவை முடித்துவிட்டதாக நினைத்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதிலும் கோடு போட்டார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது அகராதிக்கே தெரியும், அதைச் சொல்ல தெரிதா எதற்கு என்றார். நியாயம்தான். தெரிதாவின் வாதம் இன்னொரு படி போகிறது. பேச்சு உயிருள்ளது, எழுத்து அதன் செத்த நிழல் என்று பிரிக்கப்பார்க்கிறது உரையாடல். ஆனால் உயர்ந்த பேச்சு எது என்று சொல்ல வரும்போது, அது கற்பவரின் ஆன்மாவில் எழுதப்படுவது என்கிறது (276a). வாசலுக்கு வெளியே தள்ளிய எழுத்து உவமையாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. விடையில் ஃபார்மகானோடு நிறுத்திவிட்டால் பாதி மதிப்பெண். 276a வரை போனால்தான் வாதம் முடியும்.

ஹைடெக்கரிடம் தமிழ் எனக்கு உதவவில்லை, காலை வாரிவிட்டது. 1927இல் வந்த 'இருத்தலும் காலமும்' நூல் பிளேட்டோவின் 'சோஃபிஸ்ட்' உரையாடலின் ஒரு வாக்கியத்தோடு (244a) தொடங்குகிறது. 'இருக்கிற' என்ற சொல்லால் என்ன குறிக்கிறோம் என்பது தெரியும் என்று நினைத்திருந்தோம், இப்போது குழம்பிவிட்டோம் என்பது அதன் சாரம். இதில் என்ன குழப்பம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. காரணம் எளியது. "சாக்ரட்டீஸ் மனிதன்" என்னும்போது தமிழில் வினையே இல்லை. "சாக்ரட்டீஸ் இருக்கிறார்" என்றால்தான் இருத்தல் வருகிறது. கிரேக்கத்தில் இரண்டு வேலையையும் ஒரே வினை செய்யும் (முதல் வகை வாக்கியத்தில் அவர்களும் அதைப் பலமுறை விட்டுவிடுவார்கள்). இருக்கிற ஒன்று பல விதமாகச் சொல்லப்படுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் வாக்கியம் ஏன் அத்தனை பெரிய கேள்வியானது என்பது இதை உணர்ந்த பிறகுதான் தெரிந்தது. பள்ளி நாட்களில் ஹைடெக்கருக்குக் கிடைத்த, தத்துவவாதி பிரென்டானோ 1862இல் எழுதிய ஆய்வேடும் இதே வாக்கியத்தைப் பற்றியதுதான். நம் மொழியில் ஒட்டாத இடத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கேதான் அவர்களுடைய பிரச்சினை இருக்கிறது.

ஹைடெக்கரின் இன்னொரு சொல் அலேதெயா, உண்மை. லேதே என்றால் மறைவு, மறதி. முன்னால் இருக்கிற 'அ' எதிர்மறை, அநியாயம், அசுத்தம் என்பதில் இருப்பதைப் போல. ஆக உண்மை என்றால் மறைவின்மை. குகை உவமையில் இந்த மறைவின்மை பின்வாங்கி, சரியாகப் பார்த்தல் என்ற பொருள் முன்னுக்கு வருகிறது, அங்கேதான் மேலைத் தத்துவம் திரும்பியது என்று 1942இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னார்.

சொல்பிரிப்பு தரும் போதை இருக்கிறதே, அது பொல்லாதது. தமிழில் உண்மை என்பது உள் என்ற வேரிலிருந்து வருகிறது, பழைய நூல்களில் இன்மைக்கு எதிராக 'உளதாதல்' என்ற பொருளிலேயே நிற்கிறது என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தகவல் சரிதான், கேள்விக்கு அது தேவைப்படவில்லை. ஹைடெக்கருக்கே இந்த அடி விழுந்தது. ஹோமர் காலத்திலேயே அந்தச் சொல் சரியான கூற்று என்ற பொருளில்தான் வழங்கியது என்று பால் ஃபிரீட்லெண்டர் போன்ற மொழியறிஞர்கள் மறுத்தார்கள். 1964ஆம் ஆண்டு உரையில் உண்மையின் சாரம் பிளேட்டோவிடம் மாறியது என்ற கூற்று நிற்காது என்று ஹைடெக்கரே ஒப்புக்கொண்டார். நான் பார்த்தவரை முக்கால்வாசி விடைத்தாள்கள் 1942ஓடு நின்றுவிடுகின்றன. 1964ஐயும் எழுதுங்கள்.

அவருடைய நாஜி ஈடுபாட்டைப் பற்றித் தாளில் எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் வசை பக்கத்தை நிரப்பும், மதிப்பெண் தராது. 1933 மே மாதம் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத் தலைவராக ஆற்றிய உரையை அவர் பிளேட்டோ வாக்கியத்தோடு முடித்தார். 'குடியரசு' 497d. மூலத்தில், பெரியவை எல்லாம் தடுமாறி விழக்கூடியவை என்பது போன்ற எச்சரிக்கை அது. அவர் அதை, பெரியவை எல்லாம் புயலில் நிற்கின்றன என்று மொழிபெயர்த்தார். அந்த மேடையில், அந்த மாதத்தில். கேள்வி பொருந்தினால் இந்த ஒரு வரியை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

மற்ற மூவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்சே 24 வயதில் பாசலில் கிரேக்கமொழிப் பேராசிரியர். 1872இல் வந்த 'துன்பியலின் பிறப்பு' நூலை அதே ஆண்டு 23 வயது மொழியறிஞர் விலமோவிட்ஸ் ஒரு துண்டு நூலில் கிழித்தெடுத்தார். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் சுவை. காடமருக்கு ஃப்ரொனேசிஸ், அதாவது இடம் அறிந்து செய்யும் விவேகம். ஒரு பனுவலைப் புரிந்துகொள்வதும் அப்படித்தான் என்பது 1960இல் வந்த 'உண்மையும் முறையும்' நூலின் வாதம். அதே ஆறாம் நூலை ஹைடெக்கர் 1924–25 குளிர்காலத்தில் மார்பர்கில் 'சோஃபிஸ்ட்' வகுப்பின் முன்னுரையாக நீளமாக நடத்தியிருந்தார், ஆகவே அதை ஒழுங்காகப் படித்தால் இரண்டு கேள்விக்கு உதவும். ஃபூக்கோவை நான் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன். அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

தேர்வறையில் நான் பின்பற்றியது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டுரைக் கேள்விக்கும் முதலில் கிரேக்க வரி, அதன் எண், அதில் எந்தச் சொல் என்று எழுதினேன். அப்புறம்தான் தெரிதாவோ ஹைடெக்கரோ. கடைசியில் எதிர்வாதம் ஒன்று. வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் நாலு கட்டுரை என்றால் இதற்கே கை வலித்துவிடும். இந்தத் தாளில் 75க்கு 58 வந்தது.

ஆய்வேட்டை 'ஃபைட்ரஸ்' பற்றி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஃபார்மகானுக்கு எல்லா இடத்திலும் மருந்து என்றே போட்டிருக்கிறீர்களே, சாக்ரட்டீஸ் சிறையில் மருந்து குடித்தார் என்றால் வாசிப்பவர் காய்ச்சலுக்குக் குடித்தார் என்று நினைக்க மாட்டாரா?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் நினைக்க மாட்டார்கள் சார்" என்றேன்.

சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போனார். 'உன்னை அறி' என்ற டெல்ஃபி கோயில் வாக்குக்கும் தன்னைப் பேணுதலுக்கும் உள்ள உறவை ஃபூக்கோ 1981–82 வகுப்புகளில் எந்த பிளேட்டோ உரையாடலை வைத்துத் தொடங்குகிறார் என்றார். அது 'அல்கிபியாடீஸ்'. நான் 'ஃபைடோ' என்றேன்.