வீடியோ கோப்புகளின் ஒலியைச் சமன்செய்தல்

உரையாடலைக் கேட்பதற்காக ஒலியளவைக் கூட்டினால் அடுத்த காட்சியின் வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது என்று சொல்பவருக்கும், ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது என்று சொல்பவருக்கும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் முதலாவது ஒரே கோப்புக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு; இரண்டாவது கோப்புகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு. இவற்றைப் பிரித்தறியாமல் கருவியைத் தொடுவதால்தான் நல்ல ஒலித்தடங்கள் பல கெடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சரிசெய்ய முதலில் அளக்க வேண்டும். அளக்க வேண்டியது உச்சத்தை அல்ல. ஒரேயொரு துப்பாக்கி வெடிப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டால், உச்சத்தை வைத்துச் சமன்செய்யும் முறை மீதிப் படம் முழுவதையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். காது உணரும் உரப்பை அளப்பதற்கான முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 என்ற பரிந்துரையில் −23 எல்யூஎஃப்எஸ் (LUFS, உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்கை நிர்ணயித்தது. நீண்ட அமைதிகள் சராசரியைக் கீழே இழுத்துவிடாதபடி மிக மெல்லிய பகுதிகளைக் கணக்கிலிருந்து விலக்கும் ஏற்பாடும் இந்த அளவீட்டில் உண்டு.

ஒலி, வீடியோ கோப்புகளை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) கருவியின் லவுட்நார்ம் (loudnorm) வடிகட்டி இதே அளவீட்டைத்தான் பயன்படுத்துகிறது. அதை ஒரே சுற்றில் ஓட்டினால் போகிற போக்கில் ஒலியை ஏற்றி இறக்கிக்கொண்டே செல்லும். ஆகவே முதல் சுற்றில் அளந்து, கிடைத்த எண்களை இரண்டாம் சுற்றில் கொடுத்து, கோப்பு முழுவதையும் ஒரே அளவில் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும் நேரியல் முறையைக் கேட்பதே சரி. அப்படிக் கேட்டாலும், உயர்த்திய பிறகு உச்சம் வரம்பைத் தாண்டும் என்றாலோ, கோப்பின் உரப்பு வீச்சு (மெல்லிய பகுதிகளுக்கும் உரத்த பகுதிகளுக்கும் இடையிலான தூரம்) நாம் குறித்த வீச்சைவிடப் பெரியது என்றாலோ, வடிகட்டி தானாகவே, ஒலியை ஏற்றி இறக்கும் அந்த ‘மாறும் முறை’க்குத் திரும்பிவிடுகிறது. இந்த வீச்சின் இயல்பு மதிப்பு வெறும் 7. திரைப்படங்கள் இதை எளிதில் தாண்டிவிடுவதால் அதை உயர்த்திக் கொடுக்க வேண்டும். எந்த முறை நடந்தது என்பதை இறுதியில் அச்சாகும் அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். மாறும் முறையில் ஒலியின் மாதிரி விகிதம் (ஒரு நொடிக்கான ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தப்படுவதால், வெளியீட்டின் மாதிரி விகிதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று நாமே குறிப்பிடுவது நல்லது.

கோப்புக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு கடினமான வேலை. அதற்கு மேற்சொன்ன எதுவும் உதவாது, ஏனெனில் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தினால் வெடிச்சத்தமும் சேர்ந்தே உயரும். இங்கே உரத்த ஒலியை அழுத்தும் கம்ப்ரஸரைத் தேடும் முன் ஒலித்தடத்தில் எத்தனை சேனல்கள் உள்ளன என்று பார்த்துவிட வேண்டும். ஆறு சேனல்கள் கொண்ட 5.1 ஒலியில் உரையாடல் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும்; இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டுமே உள்ள இடத்தில் அந்தச் சேனலும், இசையும் இரைச்சலும் சுமந்த மற்றச் சேனல்களும் ஒரே இடத்தில் வந்து குவிவதால் பேச்சு அமுங்கிப்போகிறது. சேனல்களைக் கலக்கும்போது நடு சேனலின் பங்கைச் சற்றே கூட்டினாலே பல படங்கள் தெளிந்துவிடுகின்றன. பேசும் குரலின் இயல்பும் மாறுவதில்லை.

அதுவும் போதாதபோதுதான் கம்ப்ரஸர். குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்லும் ஒலியை மட்டும் அது அழுத்துகிறது. 2:1 (அந்த அளவைத் தாண்டும் ஒவ்வொரு 2 டெசிபெலும் 1 டெசிபெலாகக் குறையும்) அல்லது 3:1 என்ற மென்மையான விகிதத்தில் தொடங்குவதை நான் விரும்புகிறேன். ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் டைனாட்நார்ம் (dynaudnorm) வடிகட்டி இதைவிட எளிது, உரைகளுக்கும் பாடவகுப்புகளுக்கும் மிகவும் பொருத்தமானது. ஆனால் பேச்சு நின்ற இடைவெளிகளில் மின்விசிறியின் இரைச்சலையும் அது மேலே தூக்கிக் கொண்டுவரும் என்பதால், இசையும் மௌனமும் கதை சொல்லும் படங்களுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

எந்த வழியாக இருந்தாலும் படத்தை மறுகுறியாக்கம் (மீண்டும் சுருக்கிப் பதிதல்) செய்யத் தேவையில்லை. வீடியோவை அப்படியே நகலெடுக்கச் சொன்னால் காட்சியின் தரம் துளியும் குறையாது, நேரமும் மிச்சமாகும். ஒலி மட்டும் மறுகுறியாக்கப்படும். எம்கேவி (.mkv) வகைக் கோப்பு பல ஒலித்தடங்களை ஏற்கும் என்பதால், சமன்செய்த தடத்தை முதலாவதாகவும் மூலத் தடத்தை இரண்டாவதாகவும் வைத்துக்கொண்டால், நல்ல ஒலிபெருக்கிகள் உள்ள இடத்தில் மூலத்தையே கேட்கலாம்.