பேர் இருக்கட்டும்

"தம்பி, எதிர்ப்பக்க வக்கீலுங்க 2,500 டாலர் கொடுத்திருக்காங்க. நாம 500தான். ஏன்?"

எங்கள் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டு, வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவரிடம் அனுப்பி நீதிபதி உத்தரவிட்ட மறுநாள், எங்களிடம் வழக்கைக் கொடுத்திருந்த அண்ணாச்சி ஃபோனில் கேட்டது இது. நீதிபதியின் தேர்தல் நிதிக் கணக்கை அவரே இணையத்தில் தேடி எடுத்திருக்கிறார். டெக்சாஸில் நீதிபதிகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'ஏன் கொடுத்தீர்கள்' என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்டது 'ஏன் குறைத்தீர்கள்' என்று.

"அதுக்கும் உத்தரவுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அது பொய்யில்லை. ஆட்சேபத்தை எழுதியவன் நான்; அதன் பலவீனம் எனக்குத் தெரியும். தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது, அண்ணாச்சியின் கையெழுத்தும் இருந்தது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதே உத்தரவுதான்.

நீதிபதியையும் குறை சொல்ல மனம் வரவில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை கட்சிப் பெயரோடு மக்கள் முன் நிற்க வேண்டும். ஹூஸ்டன் நகரம் இருக்கும் எங்கள் ஹாரிஸ் கவுண்டி வாக்குச்சீட்டில் நீதிபதிகள் பட்டியல் முடிவதே இல்லை. படித்தவர்களுக்கே பாதிப் பெயர் தெரியாது. 2018 நவம்பரில், ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்களிக்கும் வசதி இருந்தபோது, குடியரசுக் கட்சி நீதிபதிகள் டஜன் கணக்கில் பதவி இழந்தார்கள். கெட்டிக்காரர்களும் அதில் போனார்கள். 2020-இல் அந்த வசதி போய்விட்டது. ஆனாலும் பெயரை மக்களிடம் கொண்டுசேர்க்கப் பணம் வேண்டும். அவர்கள் முன்னால் வழக்காடும் எங்களை விட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

அண்ணாச்சியைச் சமாதானப்படுத்த மேற்கு வர்ஜீனியா வழக்கைச் சொன்னேன். நிலக்கரி நிறுவனத் தலைவர் ஒருவர் 30 லட்சம் டாலர் செலவழித்து ஒருவரை நீதிபதியாக்கப் பாடுபட்டார். அந்த நீதிபதியின் வாக்கும் சேர்ந்து, நிறுவனத்துக்கு எதிரான 5 கோடி டாலர் தீர்ப்பு ரத்தானது. அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-4 என்ற கணக்கில். "தப்புன்னா அந்த மாதிரி இருக்கணும் அண்ணாச்சி. இது 500 டாலர்."

"சரி, எத்தனை டாலர்ல இருந்து தப்பாகும்?"

அதற்குச் சட்டத்தில் தொகை கிடையாது. என்னிடமும் இல்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நான்கு மாதம் முன்பு அலுவலகத்தில் நன்கொடைப் பட்டியல் போட்டபோது இந்த நீதிபதி பெயர் அதில் இல்லை. "நம்ம வழக்கு அவர்கிட்டதானே இருக்கு, ஒரு 500 போடுங்க, பேர் இருக்கட்டும்" என்று சொன்னவன் நான். சம்பந்தமே இல்லையென்றால் பேர் எதற்கு இருக்க வேண்டும்? நல்ல நீதிபதியை ஆதரித்தோம் என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவரைவிட நல்லவர் இரண்டு பேர் அந்தத் தேர்தலில் நின்றார்கள். எங்களுக்கு அவர்களிடம் வழக்கு இல்லை, அதனால் ஒரு டாலரும் போகவில்லை.

ஆளுநரே நியமிக்கட்டும் என்று ஒரு காலத்தில் வாதாடுவேன். அப்போது ஆளுநருக்கு வேண்டியவர்கள் வருவார்கள் என்பார்கள். அதுவும் நிஜம்தான். ஆனால் அந்த முறையில், வழக்கு நடக்கும்போதே நான் காசோலை எழுதச் சொல்ல வேண்டியிருக்காது.

ஃபோனை வைக்கும் முன் அண்ணாச்சி சொன்னார்: "அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க தம்பி. நானே கொடுத்துடறேன்."

வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

"பார்க்கலாம் அண்ணாச்சி" என்றேன்.