அதே தெருவில் இன்னொரு அறை

நெரிசலான ஓர் ஏழைக் குடியிருப்புப் பகுதியை என்ன செய்யலாம் என்ற அறிக்கையில், "அங்கே வாழும் ஆட்களைக் குறைக்க வேண்டாம்" என்று எழுதியது நான்தான். இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். ஆனால் வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த அந்த அக்கா கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களை நகரத்தின் ஓரத்துக்கு மாற்றலாம் என்பது மேலதிகாரியின் யோசனை. மிச்சம் இருப்பவர்களாவது மூச்சு விடட்டும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழைகள் வாழும் பகுதியில் ஒருவர் செலவழிக்கக்கூடிய பணம் கொஞ்சம்தான். அதை நம்பி ஒரு சின்னக் கடை பிழைக்க வேண்டுமென்றால், நடந்து வரும் தூரத்தில் நிறையப் பேர் இருக்க வேண்டும். பஸ் அடிக்கடி வருவதும், எங்கே வேலை இருக்கிறது என்ற செய்தி வாய்வழியாகப் பரவுவதும், பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் வேலைக்குப் போக முடிவதும் அப்படித்தான். மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் போய்விட்டால், தட்டுத் தடுமாறி ஓடும் கடைகள்தான் முதலில் மூடும். அங்கே பெரும்பாலானவை அப்படிப்பட்டவை.

இரண்டு இடங்களை உதாரணம் காட்டினேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் நார்த் எண்ட், ஒரு காலத்தில் சேரி என்று முத்திரை குத்தப்பட்ட பகுதி. குடியிருப்பு நிலத்தை மட்டும் கணக்கிட்டால் ஏக்கருக்கு 275 வீடுகள். 1961-இல், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் உயிர்ப்புள்ள தெருக்களுக்கு அதைத்தான் எடுத்துக்காட்டினார். இன்னொன்று, அதே நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு. 57 ஏக்கரில் 2,870 வீடுகள். மொத்த நிலத்துக்கும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 50. 1954-இல் குடியேறத் தொடங்கினார்கள், 1972-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் வீழ்ச்சிக்கு அடர்த்தி குறைவாக இருந்ததை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்து வர வேண்டியிருந்தது. வீடுகள் காலியானதும் பராமரிப்பும் படுத்துவிட்டது. அதையும் அறிக்கையில் சேர்த்தேன்.

அறிக்கையின் சுருக்கத்தைத் தெருவாசிகளிடம் படித்துக் காட்டியபோதுதான் அந்த அக்கா கேட்டார்: "தம்பி, கூட்டம் இருந்தாத்தான் எனக்குத் துணி வரும், அது சரி. உள்ளே ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கிறோமே, அது நல்லதா?"

"அது வேற விஷயம் அக்கா" என்றேன். வேறு விஷயம்தான். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்தாலே இட நெருக்கடி என்பது ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட்டின் அளவுகோல். ஒரு ஏக்கரில் எத்தனை வீடுகள் என்பது ஒன்று, ஓர் அறையில் எத்தனை பேர் என்பது இன்னொன்று. முதலாவதைக் குறைக்காமலே இரண்டாவதைக் குறைக்கலாம். பொறுமையாகத்தான் விளக்கினேன். கேட்டுக்கொண்டவர், "அப்போ இதே தெருவுல எனக்கு இன்னொரு ரூம் வருமா?" என்றார்.

"அதையும் எழுதியிருக்கேன்" என்றேன்.

எழுதித்தான் இருந்தேன்: மாடி கட்ட அனுமதி, குடியிருப்பு உரிமை, கடன். ஆனால் மாடி எழும்பினால் வாடகையும் ஏறும். வாடகையைச் சமாளிக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள், அறைக்கு மறுபடியும் ஆறு பேர். குடியிருப்பு உரிமை இருந்தால் அப்படி ஆகாது என்று வாதாடலாம். அந்த அக்கா இருப்பதோ வாடகை வீட்டில்.

நகரத்து ஓரத்தில் அவருக்கு இரண்டு அறைகள் கிடைத்திருக்கும், தைக்கத் துணி கிடைத்திருக்காது. இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். எது வேண்டும் என்று அவரிடமே கேட்டிருந்தால் இரண்டு அறைகளைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாரோ என்றும் தோன்றுகிறது. அப்படியே தேர்ந்தெடுத்திருந்தாலும், அவர் போனால் அந்தத் தெருவில் மற்றவர்களின் பிழைப்பும் குறையுமே. அதை அவர் தலையில் சுமத்துவது நியாயமா?

இடமாற்றத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். மாடி அனுமதி பற்றிய பகுதி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.