லாட்ஜில் ராத்திரி கார் சார்ஜிங்: 15 ஆம்பியர் பாயிண்ட் போதும், எர்த் ஒழுங்காக இருந்தால்

கார் சார்ஜிங் என்றதும் ஹைவே லாட்ஜ்காரர்கள் லட்சக்கணக்கில் விலையுள்ள ஃபாஸ்ட் சார்ஜரை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். ராத்திரி தங்குகிறவருக்கு அது தேவையே இல்லை. காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் பாயிண்டில் மணிக்குச் சுமார் 3 யூனிட் எடுக்கும். இரவு 9 மணிக்குச் செருகினால் காலை 7 மணிக்குள் 30 யூனிட். பத்து சதவீதம் விரயம் போனாலும் 150 கிலோமீட்டர் தாராளமாக ஓடலாம்.

அதற்காக ஏசி பாயிண்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஏசி கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். கார் விடிய விடிய 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் பின்னால் ஒரு ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தாலும், காலையில் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். செருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் விழும் பிரேக்கர்), 30 மில்லியாம்பியர் ஏ டைப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது), எல்லாம் தனித்தனி. மாடி முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால், யாரோ ஒருவர் ரூம் கீஸர் லீக்கேஜில் ட்ரிப் ஆகி கார் சார்ஜும் நின்றுவிடும். கெஸ்டுக்குத் தெரிவது காலையில்தான்! மூன்று பாயிண்ட் போட்டால் ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடுங்கள்.

பெரும்பாலும் தகராறு எர்த்தில்தான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட் காட்டினால் சரி. பத்தைத் தாண்டினால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி அடம் பிடிக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது வழக்கமான காரணம். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விளக்கைப் பச்சையாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்ய விட்டுவிடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடியிலேயே 230 வோல்ட் நிற்கும்.

இந்த பாயிண்டுகளை சேஞ்ச் ஓவருக்கு (ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) முன்னால், ஈபி பக்கமே வையுங்கள். ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த் ஆகாமல் இருந்தால் சார்ஜர் அதையும் எர்த் ஃபால்ட் என்றே எடுத்துக்கொள்ளும். டீசல் செலவு வேறு.

இரவு பத்து மணிக்கு எல்லா ரூம் ஏசியும் ஓடும். உங்கள் சாங்ஷன் லோடு (ஈபி உங்களுக்கு அனுமதித்த லோடு) இறுக்கமாக இருந்தால், கார் செட்டிங்கில் பன்னிரண்டுக்கு மேல் தொடங்கும்படி டைம் வைக்கச் சொல்லுங்கள்.

காசு வாங்க பாயிண்டுக்கு ஒரு சப் மீட்டர் போதும். கார் சார்ஜிங் ஒரு சேவைதான், மின் விற்பனை லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ரீடிங்கை கெஸ்ட் கண் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.