மிக்ஸர் பக்கத்துல இருந்து: 2025

ஜனவரி 26, ஞாயிறு

நேத்து சாயங்காலம் பத்மஸ்ரீ லிஸ்ட் வந்துச்சு, அலங்காநல்லூர் வேலு ஆசான் பேரு அதுல இருக்கு, பறைக்காக. இன்னைக்கு நான் மிக்ஸர்ல உக்காந்து சவுண்ட் பாக்குற மதுரை ஹால்ல குடியரசு தின விழா, அதுல ஒரு பறைக்குழு, பசங்க வந்து இறங்குனதுல இருந்தே ஆசான் பேச்சுதான், அவ்ளோ சந்தோசம். எனக்கும்தான்.

மாட்டுத்தோல் பறைய அடிக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சணும், சூட்டுல தோல் இறுகுனாத்தான் கணீர்னு வரும், ஆறுனா தளந்துரும். ஹாலுக்குள்ள தீ கூடாது, அதனால பார்க்கிங்ல வைக்கோலும் பழைய பேப்பரும் போட்டுக் கொளுத்தி, பறைய அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டி, விரலால தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாய்ங்க. செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து சத்தம் போட்டாரு, நான் போய் எடுத்துச் சொன்னதும் அவரே ஒரு வாளி தண்ணிய கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு நின்னு பாத்தாரு.

சவுண்ட் செக் வேணும்னு கேட்டேன். "அதான் தெருமுக்கு வரைக்கும் கேக்குமே, அதுக்கு எதுக்குப்பா மைக்"னுட்டாரு ஏற்பாடு பண்ணுனவரு. கேக்கும்தான், ஆனா என்ன கேக்கும்? வலது கை அடிக்குச்சி கட்டை, அது விழுற அடி கடைசி வரிசை வரைக்கும் போயிரும், இடது கையில மெலிசா நீளமா இருக்கிற சிம்புக்குச்சி போடுற பொடி வேலை பத்தாவது வரிசையோட செத்துரும். மேல ஒரு கண்டென்சர் மைக்கைத் தொங்கவிட்டு அந்தச் சிம்பை மட்டும் லேசா தூக்கிக் குடுத்தேன். முன்னாடி நின்னு ஆடுன தம்பி அடவு முடிஞ்சதும் என் பக்கம் திரும்பிக் கைய தூக்கிக் காட்டுனான்.

பிப்ரவரி 15, சனி

லைட் மியூசிக். மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்துட்டாய்ங்க, ஆறு மணி வரைக்கும் செக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனி மானிட்டர், அதாவது மேடையில அவங்களுக்கே கேக்குற ஸ்பீக்கர். நல்லாத்தான் வாசிச்சாய்ங்க, கூட்டமும் நல்ல கூட்டம். நாலு மணி நேரம் இவங்களுக்குக் கிடைக்குது, பறைக்குப் பத்து நிமிசம் கிடைக்கல, இது மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

மே 12, திங்கள்

அழகர் ஆத்துல இறங்கிட்டாரு. ஒரு வாரமா ஹால் பூட்டிக் கெடக்கு, சித்திரையில எவன் ஹாலுக்குள்ள வந்து உக்காருவான். நேத்து ராத்திரி தல்லாகுளத்துல எதிர்சேவை பாத்துட்டு அப்படியே நடந்தே வைகைக்குப் போயிட்டோம், வழி பூரா கருப்பசாமி வேசக்காரங்க, தோல்பையில தண்ணி பீச்சுறவங்க, மண்டகப்படிக்கு மண்டகப்படி மேளம். தூக்கம் இல்ல, எழுத முடியல.

ஜூன் 29, ஞாயிறு

பட்டிமன்றம். சாலமன் பாப்பையா அய்யா பழக்கிவிட்ட ஊரு இது, நடுவர் தொண்டையக் கனைச்சாலே முன்வரிசை சிரிக்க ஆரம்பிச்சுரும். எங்க வேலை இதுல ரொம்ப நுணுக்கம். சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த வரியப் பேசிருவாங்க, அந்த ஒரு நொடி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஒரு மயிரிழை ஏத்தணும், உடனே இறக்கணும், இல்லன்னா நகைச்சுவை பாதி ஆளுக்குப் போய்ச் சேராது. பேச்சுதானேன்னு போன்ல மூழ்குற ஆப்பரேட்டரை மிக்ஸர்ல உக்கார வைக்கவே கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தோல்பாவைக்கூத்து. திரைக்குப் பின்னாடி ஒரே மனுசன், ராமன், சீதை, அனுமன் அத்தனை குரலும் அவரே, கையில பாவை, கால்ல தாளக்கட்டை. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தா பிள்ளைக சிரிச்சே உருளுதுக. ஹால் லைட்ட முழுசா அணைக்கச் சொன்னேன், எக்ஸிட் போர்டு தவிர. அவருகூட ஒரு அம்மா ஆர்மோனியப் பெட்டி வச்சுப் பாட்டும் பாடுறாங்க, ஆனா கூலி பேசும்போது ஒரு ஆளுக்குத்தான் பேசியிருக்காய்ங்க.

செப்டம்பர் 16, செவ்வாய்

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பிறந்த நாள், 1916-ல இதே ஊர்ல பிறந்தவங்க, அவங்க அம்மா சண்முகவடிவு வீணைக்காரங்க. சாயங்காலம் ஒரு இளம் பாடகி கச்சேரி. கேட்டதே ஒண்ணுதான்: "அண்ணா, மானிட்டர்ல தம்புரா மட்டும் நல்லா வேணும், என் குரல் வேண்டாம்." சுருதி காதுல நிறைஞ்சு இருந்ததால குரலைத் தள்ளவே இல்ல, கடைசி வரைக்கும் களைப்பே தெரியல.

நவம்பர் 13, வியாழன்

சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாள். 1922-ல இதே தேதியில போனவரு. மதுரையில 1918-ல பால சபை வச்சு நாடகம் சொல்லிக் குடுத்தவரு, அவரு எழுதுன வள்ளி திருமணம்தான் இன்னைக்கு வரைக்கும் இந்தப் பக்கத்து ஊர்த் திருவிழாவுல விடிய விடிய ஓடுது.

ஹால்ல விடிய விடிய எங்க, மூணு மணி நேரம்தான், பத்து மணிக்குக் கதவச் சாத்திருவாங்க. நாரதர் ஒரு ஊரு, வள்ளி ஒரு ஊரு, பஃபூன் ஒரு ஊரு. மேக்கப் ரூம்லதான் "வாங்கண்ணே, சௌக்கியமா"ன்னு பாத்துக்கிறாங்க. ஒத்திகை கிடையாது. ஸ்பெஷல் நாடகம்னா அப்படித்தான், எல்லாருக்கும் பாட்டு தெரியும், வசனம் தெரியும், எதிராளி தர்க்கத்துல எங்கிட்டு இழுத்தாலும் கூடப் போயித் திரும்பி வரத் தெரியும். ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடிக்கிட்டு மொத்த நாடகத்தையும் கையில பிடிச்சுருக்காரு.

விழாக்காரங்க சட்டையில மாட்டுற காலர் மைக்கைக் கொண்டாந்துட்டாங்க. வள்ளி வேசம் கட்டுற அக்கா பாத்துட்டுச் சொன்னாங்க: "தம்பி, இது வேணாம். முன்னாடி ரெண்டு ஸ்டாண்டு மைக் வையி. எந்த வரிக்குக் கிட்ட வரணும், எதுக்கு விலகணும்னு எனக்குத் தெரியும்." அப்படியே வச்சேன். அஞ்சரைக் கட்டையில, நல்ல உயரமான சுருதியில எடுத்தாங்க. மேல போகும்போது அரை அடி பின்னாடி சாயுறாங்க, கீழ இறங்கும்போது மைக்குக்குக் கன்னத்தைக் குடுக்குறாங்க, மீட்டர்ல முள்ளு தாறுமாறா ஆடவே இல்ல. சத்தம் ஏறி இறங்காம அடக்கி வைக்கிற கம்ப்ரெசர் மெசின் செய்யுற வேலைய அவங்க கழுத்தே செஞ்சுருது. முப்பது வருசமா எந்த ஊரு மைக் செட்டு எப்படி இருந்தாலும் அதுல பாடிப் பாடி வந்த வித்தை அது. நான் ஃபேடர்ல கைய வைக்காம பாத்துக்கிட்டே இருந்தேன், இவங்களுக்கு முழு மரியாதை குடுத்து மத்தியானமே வரச்சொல்லி மேடையக் குடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சா ஆத்திரமா வருது.

தர்க்கம் சூடு பிடிக்கிற நேரத்துல மேனேஜர் கடிகாரத்தைக் காட்டுனாரு. ராத்திரி பத்துக்கு மேல லவுட் ஸ்பீக்கர் கூடாதுங்கிற 2000-ம் வருச விதி மூடின ஹாலுக்குள்ள பொருந்தாதுன்னு நான் சொன்னேன், வாடகை நேரம் பொருந்தும்னாரு அவரு. கல்யாணத்தை அவசர அவசரமா முடிச்சாங்க.

டிசம்பர் 21, ஞாயிறு

மார்கழி. நாதஸ்வரம், ரெண்டு தவில். வித்துவான்கிட்ட நானே போய், "அய்யா, உங்களுக்கு மைக் வேணாமே"ன்னேன். ஒரு நிமிசம் என்னைப் பாத்துட்டு, "இத சொல்ற முதல் ஆளு நீங்கதான் தம்பி"ன்னாரு. தோடி ராகம். கூடு மாட்டுன விரல் தவில்ல விழுற ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா கேட்டுச்சு. சத்தம் பத்தலன்னு ஒருத்தர் கூட வந்து சொல்லல.

டிசம்பர் 30, செவ்வாய்

மேனேஜர்கூட ஒரு மணி நேரம் பேசுனேன். புக்கிங் ஃபாரத்துல சவுண்ட் செக் நேரம்னு ஒரு கட்டம் சேத்தாச்சு, எந்தக் கலையா இருந்தாலும் குறைஞ்சது அரை மணி நேரம், வாடகையில சேராது. தீ மூட்டிப் பறை காய்ச்ச பின்பக்கத்துல இடம், ஒரு வாளி தண்ணி, அதுக்கும் சரின்னுட்டாரு. ஸ்பெஷல் நாடகத்துக்கு மட்டும் பன்னெண்டு மணி வரைக்கும் கேட்டேன், முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்னுருக்காரு, விடமாட்டேன். பொங்கலுக்கு ஒயிலாட்டக் குழு வருது, நாலு மணிக்கே வந்துருங்கன்னு போன் போட்டுச் சொல்லிட்டேன்.