ரங்கூன் வெயிலில் செர்ரி இறால்

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

மதியம் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. அதில் அழகுக்கு வளர்க்கும் குட்டிச் சிவப்பு நன்னீர் இறால்தான் செர்ரி இறால்; அதற்கு 22 முதல் 26 வரைதான் சுகம். ரங்கூன் ஏப்ரலில் இதை யாரிடம் போய் முறையிடுவது? சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், காற்றுதான் எனக்குக் கவலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அந்த நேரம் பார்த்துத்தான் கரண்டும் போகும். ஏர் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழி நின்று கொஞ்ச நேரமானால் இறால் எல்லாம் மேலேறி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தெயின்ஜீ சந்தையில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டியாயிற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

தெருவில் தண்ணீர்ப் பண்டிகைக் கூச்சல், வீட்டில் சித்திரைப் பிறப்பு. பாயசக் கரண்டியோடு வந்த அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்ணு செத்துக் கெடக்குடா, எடுத்துப் போடு" என்றார்.

சாகவில்லை, சட்டை உரித்திருக்கிறது. கால், மீசை, கண்மூடி வரைக்கும் அப்படியே கண்ணாடி மாதிரி உருவம். தலை ஓடும் வயிறும் சேருமிடத்தில் முதுகுப் பக்கம் ஒரு வெடிப்பு விடும். இறால் உடம்பை மடக்கி ஒரே உதறலில் வெளியே வந்துவிடும். சுற்றிவர ஒரு வெள்ளை வளையம் விழுந்து பாதியில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் அப்படி ஆகும். எங்கள் கட்டிடத்து ஆழ்குழாய்த் தண்ணீருக்கு அந்தக் குறை இல்லை. இரும்புதான் கூடுதல், ட்ரம்மில் காற்றுக் குழாயைப் போட்டு ஓர் இரவு விட்டால் துரு அடியில் தங்கிவிடும், மேல்தண்ணீரை மொண்டுகொள்வேன். உரித்த சட்டையை நான் எடுப்பதில்லை. அதன் சத்து அவற்றுக்கே வேண்டும், தின்னட்டும்.

உரித்தது பெண். சாயங்காலம் ஆண்கள் எல்லாம் அதைத் தேடித் தொட்டி முழுக்கத் தறிகெட்டு நீந்தின. முதுகில் மஞ்சளாகத் தெரிந்த முட்டை இனி வயிற்றுக்கு அடியில் வரும்.

ஏப்ரல் 29, திங்கள்

நேற்று மக்வே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி. இங்கே அவ்வளவு இல்லை என்பதுதான் ஆறுதல். மூடியைத் திறந்து, மேஜை விசிறியை நீர்மேல் திருப்பினால் இரண்டு டிகிரி இறங்குகிறது. ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவை 20 லிட்டர் குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஈடுகட்டுகிறேன். ஐஸ் புட்டி போடச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாலு டிகிரி இறக்கி ஏற்றுவதைவிட, ஒரே சூட்டில் இருப்பது மேல்.

இரண்டு பெண் முட்டையை உதிர்த்துவிட்டன. ஒன்று மட்டும் வயிற்றுத் துடுப்பால் விடாமல் விசிறிக்கொண்டிருக்கிறது.

மே 11, சனி

குஞ்சுகள்! தொட்டியில் வளரும் ஜாவா பாசி என்ற நீர்ச்செடிக்குள் ஊசிமுனை அளவில், பார்க்க அச்சு அசல் பெரியவைதான். அத்தை சந்தையில் வாங்கி வரும் ஐராவதி முகத்துவாரத்து நீலக்கால் பெரிய இறாலுக்கு இந்த வசதி கிடையாது; அதன் இளசுகள் உப்பு கலந்த தண்ணீருக்குப் போனால்தான் பிழைக்கும். செர்ரிக்கு நல்ல தண்ணீரிலேயே எல்லாம் முடிந்துவிடும். காய்ந்த நாட்டு வாதாம் இலை இரண்டு போட்டேன். இலைமேல் படரும் வழுவழுப்புதான் குஞ்சுக்குச் சோறு.

ஜூன் 2, ஞாயிறு

மழை. 27 டிகிரி. மொட்டைமாடி மழைத்தண்ணீர் அமிர்தம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வாளி கொண்டு வந்தார். அதில் சுண்ணாம்புச் சத்து அறவே இல்லை. ஈடுகட்ட மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

டெங்கு காலம், தெருவில் புகை அடிக்க வந்தார்கள். மனிதருக்கு அவசியம், மறுக்கவே முடியாது. ஆனால் கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு மனிதரை விட்டுவிடும், இறாலை விடாது. பூச்சி, இறால் எல்லாம் ஒரே வம்சம்தானே. சன்னலை அடைத்து, தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஈரத் துண்டு போர்த்தி, முதல் வேலையாக ஏர் பம்பை நிறுத்தினேன்; அது அறைக் காற்றைத்தானே இழுத்து உள்ளே ஊதுகிறது. புகை கலைந்ததும் பம்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். ஒன்றும் சாகவில்லை. அந்த அறையில் கொசுவத்திச் சுருளுக்கு எப்போதுமே தடை. அத்தைக்குக் கொசுவலை வாங்கித் தந்துவிட்டேன், திட்டிக்கொண்டே படுக்கிறார்.

ஜூன் 23, ஞாயிறு

மீன் கடையில் கேலக்ஸி மீன் வந்திருக்கிறது. ஷான் மாநிலத்து ஹோப்போங் பக்கம் 2006-ல்தான் வெளியே தெரிந்த மீன். 2007-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் உடம்பு, கருநீலத்தில் முத்துப் புள்ளி, சிவப்புத் துடுப்பு. இறாலோடு ஒத்துப்போகும் என்கிறார் கடைக்காரர். பெரிய இறாலோடு சரி. இரண்டு மில்லிமீட்டர் குஞ்சு வாய்க்கு எட்டினால் விழுங்காத மீன் உண்டா?

குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டர் தாண்டட்டும், ஆறு மீன் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் விலையை ஏற்றிவிடுவார் என்பதால் முன்பணமும் கொடுத்தாயிற்று.